பின்னால் போய்த் திருத்த முடியுமா? தொடர்கதைக்குத் திட்டமும் வேகமும்: நான்கு ஊடகங்கள், ஓர் ஒப்பீடு

ஒரு நாவலுக்கான கதை கையில் இருக்கிறது என்றால் இன்று அதற்கு நான்கு வழிகள் உண்டு. முழுதாக எழுதி முடித்து நேரே புத்தகமாகப் போடலாம். வார இதழில் தொடராகத் தரலாம். பிரதிலிபி மாதிரியான செயலியில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயமாக ஏற்றலாம். ஒலித்தொடராக எழுதி ஒரு நல்ல குரலிடம் ஒப்படைக்கலாம். எந்த வழியில் போவது என்ற கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டே வரும்: எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டு எழுத உட்காருவதா, மனம் இழுக்கிற வேகத்தில் எழுதிக்கொண்டே போவதா?

இந்த இரண்டாவது கேள்விக்குப் பலரும் சுபாவத்தை வைத்துப் பதில் சொல்கிறார்கள். 'திட்டம் போட்டால் எனக்கு எழுத வராது' என்பார் ஒருவர். 'முடிவு தெரியாமல் முதல் வரியைத் தொட மாட்டேன்' என்பார் இன்னொருவர். சுபாவத்துக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் ஊடகத்தை வைத்து முடிவெடுப்பதே சரி. பன்னிரண்டாவது அத்தியாயம் எழுதும்போது ஒரு பிழை தெரிகிறது. அதைத் திருத்த மூன்றாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போக முடியுமா? முடியும் என்றால் முதல் வரைவை வேகத்திடம் விட்டுவிடலாம். முடியாது என்றால் எழுத உட்காருவதற்கு முன்பே கொஞ்சம் தச்சு வேலை நடந்திருக்க வேண்டும்.

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை நான்காகப் பிரித்த மரபு நம்முடையது. கொடுத்த பொருளில், நின்ற இடத்திலேயே பாடுகிறவர் ஆசுகவி. மனவெழுச்சியின் உச்சம் அவர்தான் என்று நினைக்கிறோம். ஆனால் சபையில் பாடிவிட்ட வெண்பாவைத் திரும்ப வாங்கித் தளை, அதாவது சீருக்குச் சீர் ஓசை இணையும் கட்டு, தட்டுகிறதா என்று பார்க்க முடியாது. ஆகவே வெண்பாவுக்குரிய வெண்டளை அவருக்கு மூச்சைப் போல முன்கூட்டியே உடம்பில் ஏறியிருக்க வேண்டும். நாகபந்தம் எழுதும் சித்திரகவிக்கு அந்த நெருக்கடி இல்லை. கட்டம் போட்டுக்கொண்டு, பாம்பின் உடல் பின்னும் இடங்களில் எழுத்து பொருந்தி விழுகிறதா என்று அழித்து அழித்து எழுதலாம். திருத்த வாய்ப்பே இல்லாதவருக்குத்தான் உத்தி அதிகமாகத் தேவைப்படுகிறது. தொடர் எழுதுகிறவர் ஆசுகவியின் இடத்தில் நிற்கிறார்.

மூன்று வேலை முறைகள்

முதலாவது முழுத் திட்டம். நாற்பது அத்தியாயக் கதை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரிக் குறிப்பு எழுதி முடித்த பிறகே கதையைத் தொடங்குவது. குறிப்புக்கு மட்டும் மூன்று, நான்கு வாரம் ஆகும். இதில் வருகிற கோளாறு பதினைந்தாவது அத்தியாயம் வாக்கில் தெரியும்: பாத்திரங்கள் தாங்களாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, அடுத்த காட்சிக்கு வேண்டிய தகவலை மட்டும் ஒப்பிப்பார்கள். கதை எப்படிப் போகும் என்று கண்டுபிடிக்கும் இன்பத்தைக் குறிப்பிலேயே செலவழித்துவிட்டதால், எழுதும்போது கைக்கு வேலை இருக்கிறதே தவிர மனத்துக்கு வேலை இல்லை.

இரண்டாவது போகிற போக்கில் எழுதுவது. முதல் பத்து அத்தியாயங்கள் துள்ளிக்கொண்டு போகும். பிறகு தேக்கம். தேங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு ஆள் ஊருக்குள் வந்து இறங்குவான். கதை நகர்வதுபோல் தெரியும். இருபதாவது அத்தியாயத்தில் பதினான்கு பேர் இருப்பார்கள், பாதிப் பேருக்கு வேலை இருக்காது. இந்த முறையில் எழுதுகிறவர் ஒரு கட்டுப்பாட்டையாவது கடைப்பிடிக்க வேண்டும்: கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குப் பிறகு முக்கியமான புதுப் பாத்திரம் கூடாது. தேங்கினால், ஏற்கனவே இருக்கிற ஒருவரிடம் மறைந்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது தூண் நடுவது. ஐந்திலிருந்து ஏழு நிகழ்ச்சிகளை அசையாமல் நட்டுவிட்டு, இடைப்பட்ட தூரத்தை வேகத்திடம் விடுவது. கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது தூண்களை வரலாறே நட்டு வைத்திருந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவதும், உத்தம சோழர் பட்டத்துக்கு வருவதும் அவர் மாற்றக்கூடியவை அல்ல. கொலையில் தொடர்புடையவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கின்றன. அந்தத் தூண்களுக்கு நடுவே வந்தியத்தேவனின் குதிரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை மூன்றரை ஆண்டு, வாரா வாரம் ஒரு கதையை விழாமல் நடத்த முடிந்ததில் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை தன் இணையதளத்தில் நாள்தோறும் எழுதி 26 நாவல்களாக முடித்த 'வெண்முரசு'க்கும் மகாபாரதம் என்ற எலும்புக்கூடு இருந்தது. சமூகக் கதை எழுதுகிறவருக்கு வரலாறோ இதிகாசமோ தூண் நட்டுத் தராது. அவரே நட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே ஓட்டை, நான்கு இடங்கள்

ஒரு கதையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீடு. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு பீரோவைத் திறக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தைக் காணோம். மகள் செல்வி, அவளுடைய அண்ணன், மதினி. யார் எடுத்தார்கள் என்பது கதை. நல்ல தொடக்கம், எழுதத் தொடங்கினால் கை நிற்காது.

நான்கு அத்தியாயம் ஆனதும் விவரம் தெரிந்த ஒருவர் கேட்பார்: பதிவான பத்திரம்தானே? சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் சான்றிட்ட நகல் கிடைக்குமே, எதற்கு இந்தப் பாடு? கதையின் அச்சாணி அங்கே கழன்றுவிடுகிறது. வேகத்தில் எழுதும்போது இது கண்ணில் படாது. மனம் அந்த இரவின் அழுகையையும் பீரோவின் பூச்சி உருண்டை வாசனையையும் பார்த்துக்கொண்டிருக்கும். பத்திரப் பதிவு விதியைப் பார்க்காது.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, பத்திரத்தை உயிலாக மாற்றுவது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, முறைப்படி இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். பதிவாகாத உயிலுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் இருக்காது. தொலைந்தால் தொலைந்ததுதான். மற்றொன்று, பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நகல் இருந்தும் அசல் ஏன் வேண்டும் என்று கேட்பது. அசல் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவது நாடறிந்த வழக்கம். அப்படியானால் பத்திரத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை, அடகு வைத்திருக்கிறார்கள். 'யார் எடுத்தது' என்ற கேள்வி 'எவ்வளவுக்கு, எதற்காக' என்று மாறுகிறது. கதைக்கு இது முன்னதைவிட ஆழமான கேள்வி.

எந்த மருந்தைக் கொடுக்க முடியும் என்பதை ஊடகம்தான் தீர்மானிக்கிறது.

நேரடி நாவல்

இங்கே இரண்டு மருந்தும் செல்லும். பிழை தெரிந்த இடத்தில் ஓரத்தில் 'இங்கிருந்து உயில்' என்று குறித்துவிட்டு, முதலிலிருந்தே உயில்தான் என்பதுபோல் மேலே எழுதிக்கொண்டு போகலாம். திரும்பிப் போகவே கூடாது. முதல் வரைவில் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தப் போனவர்களில் பலர் நான்காம் அத்தியாயத்துக்கு வந்து சேர்வதில்லை.

கணக்கு இப்படி. டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். 50,000 சொல் நாவல் 224 பக்கத்துக்கு அருகே வரும். அச்சில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள்; அந்தக் கணக்கில் சரியாகப் பதினான்கு ஃபாரம். நாளுக்கு 500 சொல் என்றால் நூறு நாள். முதல் வரைவு முடிந்ததும் மூன்று வாரம் தொடாமல் வைத்துவிட்டு, அதன் பிறகு திட்டம் போட வேண்டும். எழுதி முடித்த பின் என்ன திட்டம் என்று தோன்றலாம். ஆனால் நேரடி நாவலில் உத்தியின் இடம் அதுதான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை. அதில் மூன்று கேள்விக்குப் பதில்: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், கிடைத்ததா, காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றை வெட்டலாம், அல்லது பக்கத்துக் காட்சியோடு சேர்க்கலாம்.

குறையும் உண்டு. கெடு கிடையாது, காத்திருக்கிற வாசகர் கிடையாது. பதினைந்தாயிரம் சொல்லில் நின்றுபோன நாவல்கள் ஏராளம். கெடுவை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்: ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால் செப்டம்பருக்குள் பிரதி பதிப்பாளர் கையில் இருப்பது நல்லது. இன்னொன்று: பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு மெய்ப்பில் (பிழை திருத்த வரும் படியில்) ஒரு பத்தியைச் சேர்த்தால் அத்தியாயத்தின் கடைசி வரை பக்கங்கள் நகரும். திருத்தும் உரிமை இங்கேயும் வடிவமைப்பாளர் வேலையைத் தொடங்கும் வரைக்கும்தான்.

வார இதழ்த் தொடர்

அச்சானது அச்சானதுதான். அதோடு ஓவியம் வேறு. ஓவியர் மணியம் வரைந்த பிறகு 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களுக்கு அந்த முகமே நிலைத்துவிட்டது. உங்கள் செல்விக்கு ஓவியர் ஒற்றைச் சடை போட்டுவிட்டால் அடுத்த வாரம் அவளுக்குக் கிராப் வெட்ட முடியாது. ஓவியருக்கு நேரம் வேண்டும், இதழ் அச்சுக்குப் போகும் நாளும் கடைக்கு வரும் நாளும் வேறு. ஆகவே வாசகர் நான்காம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கடிதம் போடும்போது நீங்கள் ஏழையோ எட்டையோ கொடுத்து முடித்திருப்பீர்கள்.

இங்கே உயில் மருந்து செல்லாது. முதல் வாரமே 'பத்திரம்' என்று அச்சாகிவிட்டது. முன்னோக்கித்தான் திருத்த வேண்டும். வாசகர் கேட்ட கேள்வியை ஒரு பாத்திரத்தின் வாயில் போடுவதே நல்ல வழி:

"ஆபீஸ்ல மனுக் குடுத்தா நகல் தருவாங்களே மதினி?"

மதினி முறத்தைத் தட்டுவதை நிறுத்தினாள். "நகல வச்சு எவன் துட்டு குடுப்பான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது.

ஓட்டையை அடைக்கப் போன இடத்தில் கதையின் மிகச் சிறந்த வரி கிடைத்திருக்கிறது. திட்டத்தில் இது இல்லை, வெறும் வேகத்திலும் வந்திருக்காது. திரும்பிப் போக முடியாத நெருக்கடிதான் இதைக் கொண்டுவந்தது. தொடர் எழுத்தை இரண்டாந்தரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

ஆனால் நெருக்கடியை மட்டும் நம்பிக்கொண்டு தொடரைத் தொடங்கக் கூடாது. குறைந்தபட்சம் ஆறு அத்தியாயம் கையில் இருக்க வேண்டும். தூண்கள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு இரண்டு தீர்வுகள் ஒரே காலத்தில் நடந்தன. ஆன்டனி டிராலப் கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். முழு நாவலும் முடியாமல் முதல் பகுதியை அச்சுக்கு விடுவதில்லை என்பது அவர் விதி. 1860இல் ஒரு மாத இதழுக்காக அதை மீறினார். சார்லஸ் டிக்கன்ஸ் மாதா மாதம் எழுதியபடியே வெளியிட்டார். ஆனால் வெறுங்கையோடு உட்காரவில்லை. ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தனக்குத்தானே கேள்விகள், மறுபக்கம் அந்த மாத அத்தியாயங்கள். 'இவரை இந்த மாதம் கொண்டுவரலாமா?' என்று எழுதி, எதிரிலேயே 'வேண்டாம்', 'அடுத்த முறை' என்று பதிலும் எழுதிக்கொள்வார். ஒரு தாள், அவ்வளவுதான். இன்றைய வாரத் தொடருக்கு டிராலப் வழியைவிட டிக்கன்ஸின் தாள்தான் பொருந்தும். முழுதும் முடித்துவிட்டுத் தொடர் கொடுத்தால், மதினியின் வாய் தவறுகிற மாதிரியான இடங்கள் கிடைக்காமலே போகும்.

முடிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாராந்தரத் தொடரில் முடிவு எப்போதும் அவசரமாகத்தான் தெரியும். மூன்றரை ஆண்டு கூட வந்த வாசகருக்குக் கடைசி நான்கு வாரம் போதாது. 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோதே அந்தக் குறை எழுந்து, பாத்திரங்களின் பிற்காலம் என்ன ஆயிற்று என்று கல்கி முடிவுரையில் விளக்க வேண்டி வந்தது. மொத்த அத்தியாயங்களில் கடைசி ஆறில் ஒரு பங்கை முடிவுக்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பகுதியில் புது முடிச்சு எதுவும் விழக் கூடாது.

செயலித் தொடர்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏற்றிய அத்தியாயத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பொத்தான் இருக்கிறது. 'பத்திரம்' என்பதை 'உயில்' என்று ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் ஏற்கனவே படித்த வாசகர் திரும்பி வந்து படிக்க மாட்டார். அவர் தலையில் பத்திரம்தான் இருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் உயில் என்று கண்டதும் குழம்புவார், பின்னூட்டத்தில் கேட்பார். இன்று புதிதாக வருகிறவருக்கோ அந்தப் பின்னூட்டமே புரியாது. ஒரே கதைக்கு இரண்டு வாசகக் கூட்டம் உண்டாகிவிடும். எனவே எழுத்துப்பிழை, பெயர்க் குழப்பம் போன்றவற்றைத் திருத்தலாம். நடந்த சம்பவத்தைத் திருத்தக் கூடாது. செயலித் தொடரை அச்சுத் தொடர் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

அளவு விஷயத்தில் திரை வேறு சட்டம் போடுகிறது. சாதாரண எழுத்தளவில் கைபேசித் திரையின் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்கள்தான் பிடிக்கும். நம் சொற்கள் நீளம். நூறு சொல் பத்தி இருபது வரிக்கு மேல் போய்த் திரையை அடைத்துக்கொள்ளும். நாற்பது, ஐம்பது சொல்லுக்கு ஒரு பத்தி, 800 முதல் 1,200 சொல்லுக்கு ஒரு அத்தியாயம் என்பது படிக்கச் சுகமான அளவு. இதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு பத்தியாக உடைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். எல்லா வரியும் தனி வரியானால், தனியே நிற்க வேண்டிய வரிக்கு மரியாதை போய்விடும்.

வாரம் இரண்டு அத்தியாயம் என்றால் தொடங்கும்போது கையிருப்பு எட்டு இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு வரும். காய்ச்சலோ கல்யாணமோ வந்து கையிருப்பு மூன்றுக்கு இறங்கினால், சொல்லிவிட்டு வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

பின்னூட்டம் கதைக்கு நல்லதும் செய்யும், கேடும் செய்யும். ஒரு வாசகர் பத்தாவது அத்தியாயத்திலேயே 'மதினிதான் அடகு வைத்தாள்' என்று எழுதிவிட்டால், உடனே முடிவை மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். அவர் சரியாக ஊகித்தார் என்றால் நீங்கள் போட்ட தடயம் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். முடிவை மாற்றினால் அதுவரை போட்ட தடயங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். ஊகிக்க முடியாதது 'எதற்காக' என்பதாக இருக்கட்டும். பின்னூட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எந்த இடத்தில் வாசகர் குழம்பினார் என்ற தகவல் மட்டும். அதுவும் கேட்டவர் ஒருவரா ஐந்து பேரா என்று பார்த்து.

அத்தியாய முடிவில் கொக்கி வைப்பதும் இப்படித்தான். கதவு தட்டப்படுகிறது என்று முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் பால்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாசகர் ஒரு முறை பொறுப்பார். நான்கு அத்தியாயத்துக்கு ஒரு முறை ஆபத்தில் முடியுங்கள். மற்ற மூன்றில் ஒரு பாத்திரம் முடிவெடுக்கட்டும், புதிய தகவல் ஒன்று தெரியவரட்டும், அல்லது ஒரு கேள்வி பதில் இல்லாமல் நிற்கட்டும்.

ஒலித்தொடர்

நான்கிலும் திருத்தச் செலவு கூடியது இதுதான். பதிவு செய்த பிறகு ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றாலும் அந்தக் குரல் கலைஞர் திரும்ப வர வேண்டும். அன்றைய தொண்டை, அன்றைய அறையின் ஒலி, மைக்கிலிருந்து இருந்த தூரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் காதில் உறுத்தும். ஆகவே ஒலிக்கு மட்டும் முழுத் திட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பத்திரமா, உயிலா என்பது முதல் நாள் பதிவுக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

நிதானமான தமிழ் வாசிப்பை நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நிமிட அத்தியாயத்துக்கு 1,200 சொல். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்து உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். உரையாடல் மிகுந்த பக்கமும் வருணனைப் பக்கமும் ஒரே வேகத்தில் ஓடாது.

கண்ணுக்கு எழுதியது காதுக்கு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சான்று. அச்சுக்கு எழுதியது:

"தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ தாங்க மாட்டே." பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள் மதினி.

படிக்கிறவரின் கண் இரண்டு வரி முன்னே ஓடி, பேசுவது யார் என்று பிடித்துவிடும். ஒற்றைக் குரலில் கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. மூன்று வரி இருட்டில் நிற்பார். ஒலிக்கு இப்படி:

மதினி பீரோச் சாவியை இடுப்பில் செருகினாள். "தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

செல்வி விடவில்லை. "ஏன் மதினி?"

"சொன்னா நீ தாங்க மாட்டே."

செயல் முன்னால், பேச்சு பின்னால். செல்வியின் 'ஏன்' என்பதோடு 'மதினி' சேர்ந்ததையும் கவனியுங்கள். நம் பேச்சில் முறைப்பெயர்கள் இயல்பாகவே வந்து விழும். பேசுவது யார், யாரிடம் என்பதை 'என்றாள்' போடாமலே அவை காட்டிவிடும். மூன்று நான்கு பரிமாற்றத்துக்கு ஒரு முறை ஒரு முறைப்பெயர் வந்தால் கேட்கிறவர் வழி தவற மாட்டார். அச்சில் இதே அடர்த்தி சலிக்கும்.

மற்றவை சுருக்கமாக. செல்வி, செல்வன், செல்லம்மா என்று ஒரே ஒலியில் தொடங்கும் பெயர்கள் கூடாது. மூன்று நட்சத்திரம் போட்டுக் காலம் மாற்றினால் காதுக்குத் தெரியாது. 'பத்து வருஷத்துக்கு முன்னால், இதே திண்ணை' என்று சொல்லியே மாற்ற வேண்டும். 'கறை தெரிந்தது' என்பதைப் பலர் 'கரை தெரிந்தது' என்றுதான் கேட்பார்கள்; ரத்தக் கறை என்று சேர்த்து எழுதுங்கள். 'வினவினாள்', 'நோக்கினான்' எல்லாம் வாசிப்பவர் வாயில் புத்தகமாக ஒலிக்கும். 'கேட்டாள்', 'பார்த்தான்' போதும்.

முழுத் திட்டம் போட்டால் உயிர் போய்விடுமே என்ற பயத்துக்கு ஒலியிலேயே மருந்தும் இருக்கிறது. வருணனையைத் தட்டச்சு செய்யுங்கள். உரையாடலை மட்டும் கைபேசியின் குரல்வழித் தட்டச்சில் இரு பாத்திரமாகவும் பேசிப் பதியுங்கள். நிறுத்தக்குறி பெரும்பாலும் வராது, ல-ள-ழவும் ர-றவும் மாறி விழும், ஒற்று காணாமல் போகும். 1,200 சொல்லைச் சீராக்க முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆனால் 'நகல வச்சு எவன் துட்டு குடுப்பான்' மாதிரியான வாக்கியம் விரலைவிட நாக்கில்தான் எளிதாக வரும்.

பேரேடு

எந்த வழியில் போனாலும் ஒரு பேரேடு வேண்டும். பெயர், வயது, உடல் அடையாளம், எந்த அத்தியாயத்தில் சொன்னோம் என்ற நான்கு கட்டங்களை எல்லோரும் போடுவார்கள். ஐந்தாவது கட்டம்தான் கதையைக் காப்பாற்றும்: யாருக்கு எது எப்போது தெரியும். அடகு விஷயம் மதினிக்கு முதலிலிருந்து தெரியும், செல்விக்குப் பன்னிரண்டில், அண்ணனுக்குப் பதினெட்டில். பதினான்காவது அத்தியாயத்தில் அண்ணன் வட்டியைப் பற்றிப் பேசிவிட்டால் கதை அங்கே உடைகிறது. அத்தியாயம் முடிந்தவுடன் பத்து நிமிடத்தில் பேரேட்டில் ஏற்றிவிடுங்கள். வார இறுதிக்குத் தள்ளினால் ஏறாது. பேரேட்டை எழுதும் நேரத்தில் திறந்து வைக்கவும் கூடாது. எழுதும்போது சந்தேகம் வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போய், பிறகு சரிபார்க்க வேண்டும். தணிக்கைக்காரரும் கதை சொல்லியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு வேலையும் நடக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதல் நாவல், எழுதி முடிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை என்றால், தூண் நட்டுச் செயலித் தொடராகத் தொடங்குவதே நல்லது. கெடுவும் கிடைக்கும், எங்கே குழம்புகிறது என்ற தகவலும் கிடைக்கும். மொழியே கதையின் உயிராக இருந்தால், பின்னிருந்து முன்னுக்குத் திருத்தித் திருத்தி இழைக்க வேண்டிய எழுத்தாக இருந்தால், தொடர் வேண்டாம். நேரடி நாவல், போகிற போக்கில் முதல் வரைவு, அட்டைகளோடு இரண்டாம் வரைவு. வார இதழ் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், ஆனால் ஆறு அத்தியாயமும் டிக்கன்ஸ் தாளும் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒலிக்கு முதல் கதையைக் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே ஒரு ஊடகத்தில் முடிந்து, ஓட்டைகள் தெரிந்துவிட்ட கதையைக் கொண்டுபோங்கள்.

செயலியில் முடிந்த தொடரைப் புத்தகமாக்கும்போது, முன்கதைச் சுருக்கங்களை எடுத்துவிட்டு, நாற்பது கொக்கிகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டு அத்தியாயங்களைச் சேர்க்க வேண்டும். உடைத்த பத்திகளையும் மீண்டும் சேர்க்க வேண்டும். இப்போது திரும்பிப் போகும் உரிமை கையில் வந்துவிட்டது; பத்திரத்தை உயிலாக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மதினி வாய் தவறிய இடம் அப்படியே இருக்கட்டும். முதல் அத்தியாயத்துக்குப் போய், பதினாறாம் நாள் இரவு எல்லோரும் பீரோவைச் சூழ்ந்து நின்றபோது மதினி மட்டும் அடுக்களை வாசலைத் தாண்டி வரவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.